காவலூர் வானம் – 12: வளையங்களைத் தாண்டிய பாட்டு

1977 மார்ச் 10 இரவு காவலூரில் என்ன நடந்தது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஜவ்வாது மலையின் 102 செ.மீ. தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் மங்கலான ஒரு விண்மீனை விடாமல் கவனித்துக்கொண்டிருந்தார்கள். யுரேனஸ் அந்த விண்மீனுக்குக் குறுக்கே போகவேண்டிய இரவு அது. கோள் மறைக்கும் கணக்குக்குப் பொருந்தாத நேரத்தில் விண்மீனின் ஒளி சில நொடிகள் குறைந்து மீண்டது. யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்றுதான் குறுக்கே போயிருக்கிறது என்று கருதி இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே ஆண்டில் பட்டாச்சார்யாவும் வானியலாளர் வைணு பாப்புவும் சேர்ந்து இன்னொரு கட்டுரை எழுதினார்கள்: சனிக்கு இருப்பதுபோல யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு. அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் விமானத்தில் பறந்தபடி தொலைநோக்கியை இயக்கிய ஜேம்ஸ் எலியட்டின் குழு, ஐந்து வளையங்களைத் தெளிவாகப் பிரித்தறிந்தது. பாடநூல்களில் அவர்கள் பெயர் நின்றது. காவலூரின் பெயர் சில நூல்களில் அடுத்த வரியில் வரும், பல நூல்களில் வராது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி வாயேஜர் 2 விண்கலம் புறப்பட்டது. வியாழனையும் சனியையும் பார்ப்பதுதான் அதற்கு இட்ட வேலை. பிறகு பயணம் நீட்டிக்கப்பட்டு, காவலூரில் ஒளிக்குறைவாக மட்டும் தெரிந்த அந்த வளையங்களின் அருகிலேயே அது போய்ச் சேர்ந்தது. அதன் பக்கவாட்டில் பொன்முலாம் பூசிய செப்புத் தட்டு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. பூமியில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எவருக்காவது சொல்வதற்காக அதில் 27 இசைப் பதிவுகளைச் சேர்த்திருந்தார்கள். பாக் உண்டு, பீத்தோவன் உண்டு. கூடவே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கறுப்பினப் பாடகர் சக் பெரி 1958இல் வெளியிட்ட 'ஜானி பி. குட்' என்ற ராக் அண்ட் ரோல் பாட்டும் உண்டு.

மலையின் வரலாற்றில் அமெரிக்கப் பாடகருக்கு ஓர் அத்தியாயம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். செய்த வேலை ஒருவருடையது, எழுதப்படும் பெயர் இன்னொருவருடையது என்ற வழக்கைத்தான் இந்தத் தொடர் ஆரம்பத்திலிருந்து பின்தொடர்ந்து வருகிறது. சக் பெரியின் வாழ்க்கையில் அந்த வழக்கின் இரண்டு தரப்பும் இருக்கின்றன. ஒரு காலத்தில் அவர் இழந்தவர். இன்னொரு காலத்தில் இழப்புக்குக் காரணம் என்று சுட்டப்பட்டவர்.

சார்லஸ் எட்வர்ட் ஆண்டர்சன் பெரி 1926 அக்டோபர் 18 அன்று பிறந்தார். தந்தை கட்டட வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்தவர், பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பொறுப்பு வகித்தவர். தாய் பள்ளித் தலைமையாசிரியர். வீடு இருந்த தெருவின் பெயர் குட் அவென்யூ. பாட்டின் பெயரில் பின்பாதி அங்கிருந்து வந்ததுதான். வறுமையிலிருந்து கிளம்பிய கலைஞன் என்று எல்லாரையும் ஒரே வார்ப்பில் சொல்லிவிடுவார்கள். பெரியின் வீடு அப்படிப்பட்டதல்ல, படிப்பும் ஒழுங்கும் உள்ள வீடு. இருந்தும் 1944இல், பள்ளியை முடிக்கும் முன்பே, ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்த வழக்கில் சிக்கிச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போனார். மூன்று ஆண்டுகள் கழித்து, தன் 21ஆவது பிறந்தநாளில் வெளியே வந்தார். மறு ஆண்டு தெமெட்டா சக்ஸைத் திருமணம் செய்துகொண்டார். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், கட்டடங்களைத் துப்புரவு செய்தார், சிகையலங்காரம் படித்தார். கிட்டார் மாலை நேரத்துக்கானதாக இருந்தது.

1952ஆம் ஆண்டின் கடைசி இரவு. பியானோக் கலைஞர் ஜானி ஜான்சனின் மூவர் குழுவில் ஒருவருக்கு உடல்நலம் சரியில்லை. புத்தாண்டுக் கச்சேரியை ஒப்புக்கொண்டுவிட்ட ஜான்சன், அந்த இடத்துக்குப் பெரியைக் கூப்பிட்டார். ஒரு நாளுக்கென்று வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிழக்கு செயின்ட் லூயிஸில் இருந்த காஸ்மபாலிட்டன் கிளப்பில்தான் அவர்களுடைய கச்சேரி நடக்கும். வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள், ப்ளூஸ் கேட்க வந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் பெரி வெள்ளைக்காரக் குடியானவர்களின் நாட்டுப்பாடல்களைப் பாட ஆரம்பித்தார். முதலில் சிரித்தார்கள். பிறகு அதையே பாடச் சொல்லிக் கேட்டார்கள், அதற்கு ஆடவும் செய்தார்கள். கொஞ்ச நாளில் வெள்ளையர்களும் அந்தக் கிளப்புக்கு வரத் தொடங்கினார்கள். இரு இனத்தவரும் ஒரே உணவகத்தில் உட்காரமுடியாத காலத்தில் இது நடந்தது. ராக் அண்ட் ரோல் எங்கே பிறந்தது என்று நூறு பதில்கள் உண்டு. என் மதிப்பீட்டில் அந்தக் கிளப்பின் மேடையையும் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் வைக்கவேண்டும்.

இந்த இடத்தில் நம் ஜே.பி. சந்திரபாபு நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார். பெரிக்கு ஒரு வயது இளையவர். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர். அமெரிக்க நாட்டுப்பாடகர்கள் தொண்டையை உடைத்து உடைத்துப் பாடும் யோடலிங் முறையைத் தமிழ் சினிமாவுக்குள் கொண்டுவந்தவர். மிசிசிப்பி ஆற்றோரத்தில் ஒரு கறுப்பினக் கலைஞரும் சென்னையில் ஒரு தமிழ்க் கலைஞரும், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே நாட்டுப்பாடல் மரபை எடுத்துத் தங்கள் மக்களின் காதுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருந்தார்கள். சந்திரபாபுவை நகைச்சுவை நடிகர் என்ற சிமிழுக்குள் அடைத்துவிட்டது நம் பத்திரிகை எழுத்து. இசை வரலாற்றில் அவருக்குரிய பக்கங்கள் இன்னும் எழுதப்படவில்லை.

1955 மே மாதம் பெரி சிகாகோவுக்குப் போனார். தான் வழிபட்ட ப்ளூஸ் மேதை மடி வாட்டர்ஸின் கச்சேரியைக் கேட்டுவிட்டு, பாட்டைப் பதிவு செய்ய யாரைப் பார்க்கலாம் என்று அவரிடமே கேட்டார். லியோனார்ட் செஸ்ஸைப் போய்ப் பார் என்றார் மடி வாட்டர்ஸ். செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பெரி கொண்டுபோன ஒலிநாடாவில், தனக்குப் பிடித்த ப்ளூஸ் பாட்டு ஒன்று இருந்தது. செஸ்ஸுக்குப் பிடித்ததோ 'ஐடா ரெட்' என்ற பழைய நாட்டுப்பாடலைத் தழுவிப் பெரி பாடியிருந்த இன்னொன்று. பெயரையும் வரிகளையும் மாற்றி, மே 21 அன்று அதை 'மேபலீன்' என்று பதிவு செய்தார்கள். பியானோவில் ஜான்சன், பேஸில் வில்லி டிக்ஸன். காரில் காதலியைத் துரத்திக்கொண்டு போகும் ஓர் இளைஞனின் கதை. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

பணம் வர ஆரம்பித்தபோதுதான் பெரிக்கு விவரம் தெரிந்தது. பாட்டின் ஆசிரியர்கள் என்று தன்னோடு இன்னும் இருவர் பெயர் இருந்தது. ஒருவர் ஆலன் ஃப்ரீட், நியூயார்க்கின் செல்வாக்கு மிக்க வானொலி அறிவிப்பாளர். மற்றவர் ரஸ் ஃப்ராட்டோ, லியோனார்ட் செஸ்ஸோடு வியாபாரத் தொடர்பு உள்ளவர். இருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஃப்ரீட் வானொலியில் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடவேண்டும், அதற்கு விலை ஆசிரியர் உரிமையில் பங்கு. அன்றைய இசைத்தட்டுத் தொழிலில் இது சாதாரணமாக நடந்த கொடுக்கல் வாங்கல். எழுதியவனைக் கேட்காமலே நடந்தது என்பதுதான் அதன் அநியாயம். அந்த இரு பெயர்களையும் எடுத்துவிட்டு முழு உரிமையும் பெரிக்குத் திரும்பியது 1986இல்தான். முப்பத்தொரு ஆண்டுகள்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் பெரி எழுதிக் குவித்தார். 'ரோல் ஓவர் பீத்தோவன்', 'ஸ்கூல் டே', 'ராக் அண்ட் ரோல் மியூசிக்', 'ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்'. எல்விஸ் பிரெஸ்லியின் குரல் பெரிது, மேடைத் தோற்றம் பெரிது. ஆனால் அவர் பாடியவை பிறர் எழுதியவை. பெரி தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே கிட்டார் வாசித்துப் பாடினார். பள்ளி மணி, கார் எஞ்சின், ஜூக்பாக்ஸில் போடும் சில்லறை என்று பதினாறு வயதுப் பையனின் ஒரு நாளை அப்படியே பாட்டாக்கினார். எழுதும்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. உச்சரிப்பு மிகத் தெளிவு, ஒவ்வொரு சொல்லும் காதில் விழும். ப்ளூஸ் பாடகர்கள் சொல்லை இழுப்பார்கள், இவர் சொல்லைத் தாளத்தின் மேல் துல்லியமாக வைப்பார். பாப் டிலனும் ஜான் லெனனும் இவரைக் கவிஞர் வரிசையில் வைத்துப் பேசியதற்கு அடிப்படை இதுதான்.

கிட்டார் வாசிப்பிலும் ஒரு தனிவழி. இரண்டு தந்திகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டி, ஒரு ஊதுகுழல் குழுவின் அழுத்தத்தை ஒற்றைக் கிட்டாரில் கொண்டுவந்தார். 'ஜானி பி. குட்' பாட்டின் தொடக்கத்தில் வரும் கிட்டார் பகுதியை உலகமெங்கும் கிட்டார் கற்பவர்கள் முதல் பாடங்களில் ஒன்றாகப் பழகுகிறார்கள். அது முழுக்கப் பெரியின் சொந்தச் சரக்கல்ல. லூயிஸ் ஜோர்டனின் 1946ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்றில் கார்ல் ஹோகன் என்ற கிட்டார் கலைஞர் வாசித்த தொடக்கம்தான் அதன் மூலம். பெரி இதை ஒளித்ததில்லை, ஹோகனிடமிருந்தும் டி-போன் வாக்கரிடமிருந்தும் எடுத்தேன் என்று பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும் ஹோகன் பெயர் இசை ஆராய்ச்சியாளர்களைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

பாட்டின் கதை எளியது. லூயிசியானாவில் காட்டோரக் குடிசையில் ஒரு பையன். எழுதப் படிக்கச் சரியாக வராது, கிட்டார் மட்டும் அற்புதமாக வரும். ஒருநாள் உன் பெயர் விளக்குகளில் ஒளிரும் என்கிறாள் அம்மா. முதலில் எழுதியபோது பையன் கறுப்பினத்தவன் என்று வரியிலேயே சொல்லியிருந்தார் பெரி. வெள்ளையர்களின் வானொலி நிலையங்கள் ஒலிபரப்பாமல் விட்டுவிடக்கூடும் என்று, நாட்டுப்புறத்துப் பையன் என்று மாற்றினார். 1958 மார்ச்சில் வெளியான அந்தப் பாட்டு பொதுவான வரிசையில் எட்டாம் இடம்வரை போனது. இனத்தைச் சொல்லும் ஒரே சொல்லை விட்டுக்கொடுத்துத்தான் அது அந்த இடத்துக்குப் போகமுடிந்தது.

ஜானி என்ற பெயர் பியானோக்காரர் ஜானி ஜான்சனிடமிருந்து வந்தது. அந்தப் பாட்டின் பதிவில் ஜான்சன் இல்லை, பியானோ வாசித்தவர் லபாயெட் லீக் என்றே இசை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

1959 டிசம்பரில் எல்லாம் நின்றது. பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை மாநிலம் விட்டு மாநிலம் கூட்டி வந்து, செயின்ட் லூயிஸில் தான் நடத்திய கிளப்பில் வேலைக்கு வைத்திருந்தார் பெரி. பாலியல் நோக்கத்தோடு அழைத்து வந்தார் என்பது வழக்கு. முதல் விசாரணையில் தண்டனை விதித்த நீதிபதி இனவெறியோடு பேசியதால் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. இரண்டாவது விசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. ஒன்றரை ஆண்டு சிறையில் இருந்து 1963 அக்டோபரில் வெளியே வந்தார். இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துபோகும் ரசிகர்களின் நூல்களை நான் ஏற்பதில்லை. நீதிமன்றத்தில் இனவெறி இருந்தது உண்மை. ஒரு சிறுமி பாதிக்கப்பட்டாள் என்பதும் உண்மை. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைக்க முடியாது. பிற்காலத்திலும் தன் உணவகத்தின் பெண்கள் கழிப்பறையில் ரகசியமாகப் படம்பிடித்ததாகப் பல பெண்கள் வழக்குத் தொடுத்து, அவர் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்.

சிறையில் இருந்தபோது வெளியுலகம் அவருடைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. 1963இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு வெளியிட்ட முதல் இசைத்தட்டே பெரியின் பாட்டுதான். பீட்டில்ஸ் அவருடைய பீத்தோவன் பாட்டைப் பதிவு செய்தார்கள். கலிபோர்னியாவின் பீச் பாய்ஸ் குழு அவருடைய 'ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்' மெட்டில் கடலலைச் சறுக்கு பற்றிப் புது வரிகளைப் போட்டு 'சர்ஃபின் யு.எஸ்.ஏ.' என்று வெளியிட்டது. முதலில் அதில் பெரியின் பெயர் இல்லை. பதிப்புரிமை நிறுவனம் தலையிட்ட பிறகே வந்தது. பெரி சிறையில் நிலப்பட நூல் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஊர்களின் வரிசையைச் சரிபார்த்து 'ப்ராமிஸ்டு லேண்ட்' எழுதினார். வர்ஜீனியாவிலிருந்து கலிபோர்னியாவரை போகும் ஒரு பயணத்தின் பாட்டு. அவருடைய பாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே.

பிறகு வந்த ஆண்டுகளில் புதிதாகச் சொல்ல அவரிடம் அதிகம் இல்லை. 1972இல் அமெரிக்க வரிசையில் அவருக்குக் கிடைத்த ஒரே முதலிடம், இரட்டை அர்த்தப் பாட்டு ஒன்றுக்கு. ஊர் ஊராகத் தனியே போவார், கையில் கிட்டார் மட்டும். அந்தந்த ஊரில் கிடைக்கும் குழுவோடு ஒத்திகையில்லாமல் மேடை ஏறுவார். பணத்தை முன்கூட்டியே ரொக்கமாக வாங்கிக்கொள்வார். ஏமாற்றப்பட்டவரின் பழக்கம் அது, அவரையே அது சிக்கவும் வைத்தது. 1979 ஜூன் 1 அன்று வெள்ளை மாளிகையில் ஜிம்மி கார்ட்டர் முன்னிலையில் பாடினார். சில வாரங்களில் வரி ஏய்ப்புக்காக நான்கு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

விண்கலத் தட்டுக்கு வருவோம். அதற்கான குழுவின் தலைவர் வானியலாளர் கார்ல் சேகன். சக் பெரியைச் சேர்க்கவேண்டும் என்று வாதாடியவர் ஆன் ட்ரூயன். நாட்டுப்புற இசையைச் சேகரிப்பதில் பெரும்பெயர் பெற்ற ஆலன் லோமேக்ஸ் எதிர்த்தார், ராக் இசை விடலைத்தனமானது என்றார். பூமியில் விடலைகளும் நிறையப் பேர் இருக்கிறார்களே என்று சேகன் பதில் சொன்னார். தேர்வுக் குழு எடுத்த சரியான முடிவுகளில் இதுவும் ஒன்று. நம் நாட்டிலிருந்து கேசர்பாய் கேர்க்கரின் பைரவி ராகப் பாடல் இடம்பெற்றது. வாயேஜர் கலங்கள் இரண்டும் புறப்பட்ட சில நாட்களில், செப்டம்பர் 16 அன்று, கேசர்பாய் காலமானார். 55 மொழிகளில் வாழ்த்தும் பதிவானது. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை. வளையங்களைக் கண்ட மலையின் மொழி அந்தத் தட்டில் இல்லாதது எனக்கு இன்றும் வருத்தம்.

இனி 1986 ஜனவரி. 6ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, இந்தியாவிலேயே உருவான 2.3 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைத்து, 1982இல் மறைந்த வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். 23ஆம் தேதி நியூயார்க்கில் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் தன் முதல் விருதாளர்களைச் சேர்த்துக்கொண்டது. பெரி அவர்களில் ஒருவர். அவரை அறிமுகம் செய்த ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ், அவர் வாசித்ததையெல்லாம் நான் திருடியிருக்கிறேன் என்ற பொருளில் மேடையிலேயே சொன்னார். மறுநாள், 24ஆம் தேதி, வாயேஜர் 2 யுரேனஸை மிக நெருங்கிக் கடந்தது. மேக உச்சியிலிருந்து சுமார் 81,500 கி.மீ. தூரம். அதற்குள் பூமியிலிருந்து ஒன்பது வளையங்கள் அறியப்பட்டிருந்தன. கலம் அவற்றைப் படமெடுத்ததோடு இன்னும் இரண்டைக் கண்டது. யுரேனஸை 1781இல் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் பிழைப்புக்கு இசைக்கலைஞர், பாத் நகரத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். அந்தக் கோளுக்கு ஒரு பாட்டு போய்ச் சேர்ந்தது பொருத்தம்தான்.

1989 ஆகஸ்டில் அதே கலம் நெப்டியூனை அடைந்தபோது, பாசடீனாவில் விஞ்ஞானிகள் நடத்திய கொண்டாட்டத்துக்குப் பெரியே நேரில் வந்து பாடினார்.

ஜானி ஜான்சன் என்ன ஆனார்? பெரியின் குழுவிலிருந்து விலகிய பிறகு செயின்ட் லூயிஸில் பேருந்து ஓட்டினார். பெரியின் அறுபதாம் ஆண்டு விழாக் கச்சேரிக்காக 1986இல் கீத் ரிச்சர்ட்ஸ் அவரைத் தேடிப்பிடித்து மேடையேற்றினார். பெரியின் பல பாட்டுகள் கிட்டாருக்கு இயல்பான சுருதிகளில் இல்லை, பியானோவுக்கு இயல்பான சுருதிகளில் இருக்கின்றன, ஆகவே அவற்றின் உருவாக்கத்தில் ஜான்சனின் கை இருக்கிறது என்பது ரிச்சர்ட்ஸின் வாதம். 2000இல் ஜான்சன் வழக்குத் தொடுத்தார். பல பாட்டுகளை இருவரும் சேர்ந்தே இயற்றினோம், ஆசிரியர் என்று பெரியின் பெயர் மட்டுமே இருக்கிறது என்றார். 2002இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. காலம் கடந்துவிட்டது என்பதுதான் காரணம். யார் எழுதியது என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லவில்லை. இடையில் 2001இல் புகழ்மன்றம் ஜான்சனையும் சேர்த்துக்கொண்டது, பக்கவாத்தியக் கலைஞர்களுக்கான பிரிவில். அவர் 2005இல் மறைந்தார். பெரி 2017 மார்ச் 18 அன்று, 90 வயதில் மறைந்தார்.

அடுத்த வாரம்: வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.3 மீட்டர் கண்ணாடியைப் பெங்களூரில் தேய்த்து மெருகேற்றியவர்கள்.

(தொடரும்)